குறி தப்பாத கை

2016 ஜூன் மாதம். ‘ஓவர்வாட்ச்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வெளியாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தென் கொரியாவில் அதற்குள் போட்டிகள் சூடுபிடித்துவிட்டன. ஒரு தகுதிச் சுற்றில் ‘கெகுரி’ என்ற பெயரில் ஆடியவரைப் பார்த்து எதிரணிக்குச் சந்தேகம் வந்தது. அவர் எடுத்திருந்தது ஸார்யா என்ற பாத்திரம். ஸார்யாவின் ஆயுதத்திலிருந்து தோட்டா வராது, விடாமல் ஒரு கதிர் பாயும். எதிராளி குதித்தாலும் வளைந்து ஓடினாலும் கதிரை அவர் மேலிருந்து விலகாமல் வைத்திருப்பதுதான் வித்தை. கெகுரியின் கதிர் விலகவே இல்லை. இது கை செய்கிற வேலையில்லை, ‘எய்ம்பாட்’ என்றார்கள். குறிபார்க்கும் வேலையை ஆட்டக்காரருக்குப் பதிலாகத் தானே செய்யும் மென்பொருள் அது. எங்கள் குற்றச்சாட்டு பொய்யென்றால் ஆட்டத்தை விட்டே விலகுகிறோம் என்று எதிரணியில் இருவர் சவாலும் விட்டார்கள்.

விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனத்தின் கொரியப் பிரிவு சோதித்துப் பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்றது. சந்தேகம் அடங்கவில்லை. கடைசியில் ‘இன்வென்’ என்ற விளையாட்டுச் செய்தி நிறுவனத்தின் ஸ்டூடியோவில், முகமூடி அணிந்து, கையையும் மவுஸையும் தனிக் கேமரா காட்ட, நேரலையில் ஆடிக்காட்டினார் கெகுரி. பதினேழு வயதுப் பெண். கதிர் அப்போதும் விலகவில்லை. சவால் விட்டவர்கள் விலகிப்போனார்கள். 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. ஓவர்வாட்ச் லீகில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

அதே 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ ஆசியப் போட்டி ஒன்று நடந்தது. இந்தியாவிலிருந்து போன அணியில் ஒருவரின் கணினியைச் சோதிக்க ஆட்டத்தின் நடுவே நடுவர் வந்தார். வீரர் அவசர அவசரமாக எதையோ மூடி அழிக்கப் பார்த்தார். அகப்பட்ட கோப்பின் பெயர் ‘வேர்ட்.எக்ஸ்இ’. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளைப் போல வேடமிட்ட எய்ம்பாட். அணி வெளியேற்றப்பட்டது, சில நாட்களில் கலைக்கப்பட்டது. வீரருக்கு ஐந்தாண்டுத் தடை. அதற்கு முந்தைய ஆண்டே இந்தியாவில் ஒரு முறை பிடிபட்டுத் தடை பெற்றவர் அவர். தடைக்காலம் முடிந்ததும் சர்வதேசப் போட்டி வரை வந்துவிட்டார்.

நிரபராதியை விடுவிக்க ஒரு கேமரா தேவைப்பட்டது. குற்றவாளியைப் பிடிக்க ஒரு மனிதர் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. இணையத்தில் ஆடும் லட்சக்கணக்கானவர்களின் அறையில் கேமராவும் கிடையாது, பின்னால் நிற்க ஆளும் கிடையாது. சர்வருக்கு வந்து சேர்வதெல்லாம் எண்கள்தான்: இந்த நொடியில் மவுஸ் இவ்வளவு நகர்ந்தது, இந்தப் பொத்தான் அழுந்தியது. அந்த எண்களை அனுப்பியது கையா, மென்பொருளா என்பது எண்களில் எழுதியிருக்காது.

சிக்கலின் வேர், ஆட்டம் நடக்கிற இடம். கணினி ஆட்டக்காரருடையது. அதில் எதை நிறுவலாம், எதை நீக்கலாம், எந்த நினைவகத்தைப் படிக்கலாம் என்பதெல்லாம் அவர் விருப்பம். பரீட்சையை மாணவன் வீட்டிலேயே, அவன் பூட்டிய அறையிலேயே நடத்துவது போன்ற ஏற்பாடு இது. போதாக்குறைக்கு விடைகளையும் அங்கே அனுப்பி வைத்தாக வேண்டும். ‘வால்ஹேக்’ என்பது சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் எதிரியைத் திரையில் காட்டும் மோசடி. அது எந்த மந்திரமும் செய்வதில்லை. எதிரி எங்கே நிற்கிறார் என்ற தகவலைச் சர்வர் ஏற்கெனவே உங்கள் கணினிக்கு அனுப்பிவிட்டது. விளையாட்டு அதை வரையாமல் வைத்திருக்கிறது, ஹேக் வரைந்துவிடுகிறது.

ஏன் முன்கூட்டியே அனுப்ப வேண்டும்? இணையத்தில் எதுவும் உடனே வந்து சேராது. எதிரி மூலை திரும்பிய பிறகுதான் தகவல் கிளம்பும் என்றால், அது வந்து சேரும்வரை அவர் உங்கள் திரையில் இருக்க மாட்டார். பிறகு திடீரென்று வெட்டவெளியில் முளைப்பார். அதற்குள் அவர் உங்களைச் சுட்டிருப்பார். காலடிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்கச் செய்யவும் இருப்பிடம் தெரிந்தாக வேண்டும். ரயட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘வாலொரன்ட்’ விளையாட்டில், எதிரி கண்ணில் படப்போகும் தறுவாயில் மட்டும் இருப்பிடத்தை அனுப்புமாறு சர்வரை அமைத்தார்கள். வால்ஹேக்கின் பயன் நிறையவே குறைந்தது. ஆனாலும் அந்தத் ‘தறுவாயை’ச் சுழியாக்க முடியாது, தகவல் பயணம் செய்யும் நேரம் அளவுக்காவது முன்னதாக அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இந்தத் தாமதம் இன்னொரு வேலையும் செய்கிறது. நேர்மையாக ஆடுபவரை ஹேக்கர் போலக் காட்டுகிறது. நீங்கள் சுடும்போது உங்கள் திரையில் இருப்பது சற்று முந்தைய உலகம். எதிரி அதற்குள் இரண்டடி நகர்ந்திருப்பார். அப்படியே கணக்குப் பார்த்தால் சரியாகக் குறிபார்த்தவருக்கும் குண்டு படாது. அதனால் சர்வர் எல்லோரும் சற்றுமுன் எங்கெங்கே இருந்தார்கள் என்ற பதிவை வைத்திருக்கிறது. சுட்ட தகவல் வந்ததும் காலத்தைப் பின்னுக்கு நகர்த்தி, சுட்டவர் கண்டபடி எதிரியை அந்தப் பழைய இடத்தில் நிறுத்தி, பட்டதா என்று பார்க்கிறது. சுட்டவருக்கு நியாயம். சுடப்பட்டவருக்கு? அவர் தன் திரையில் ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் போய்விட்டார். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்த கணத்தில் செத்து விழுகிறார். சுவரைத் துளைத்துச் சுட்டான், ஹேக்கர், ரிப்போர்ட் அடி! இப்படி எழும் புகார்களில் எத்தனை உண்மையில் ‘பிங்’ எனப்படும் இந்தத் தாமதத்தைப் பற்றிய புகார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவை ஓட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்’ ஆட்டங்களின் பதிவு வழக்கமாக நொடிக்கு 32 முறைதான் எடுக்கப்பட்டது. அதாவது சுமார் 31 மில்லி விநாடிக்கு ஒரு முறை. தேர்ந்த கை மவுஸை வெடுக்கென்று திருப்பிக் குறிவைக்கும் அசைவே அறுபது, எழுபது மில்லி விநாடியில் முடிந்துவிடும். பதிவில் அது இரண்டு மூன்று புள்ளிகளாகத்தான் இருக்கும். இடைப்பட்ட வளைவு, தயக்கம், சிறு திருத்தம் எல்லாம் காணாமல் போய், குறி ஒரே தாவலில் தலைக்குப் போனதுபோல் தெரியும். எய்ம்பாட் செய்வதும் அதே தாவல்தான்.

மனிதரின் எதிர்வினை வேகத்தை வைத்துப் பிரிக்கலாமே என்பது அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஒரு காட்சி கண்ணில் பட்டு விரல் அழுந்தச் சராசரியாக 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். அதைவிட மிகக் குறைவான நேரத்தில் சுட்டால் மோசடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் பார்த்துவிட்டுச் சுடுவதில்லை, எதிர்பார்த்துச் சுடுகிறார். ஆயிரக்கணக்கான மணிநேரம் அதே வரைபடத்தில் ஆடியவருக்கு, சுற்று தொடங்கி எத்தனையாவது நொடியில் எந்த மூலையில் தலை நீளும் என்பது மனப்பாடம். தலை உயரத்துக்குக் குறியை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஊகம் பலித்தால் எதிர்வினை நேரம் சுழி. பலிக்காத ஊகங்களை யாரும் துணுக்கு வீடியோவாக யூடியூபில் போடுவதில்லை.

மோசடிக்காரரோ எதிர்த்திசையிலிருந்து வருகிறார். பழைய எய்ம்பாட்கள் ஒரே சட்டகத்தில் குறியைத் தலைக்குத் திருப்பிவிடும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இப்போது விற்பவை மெதுவாக, வளைவாக நகர்த்துகின்றன. அவ்வப்போது வேண்டுமென்றே தவறவிடுகின்றன. எதிரி குறிக்கு மிக அருகில் வந்தால் மட்டும் கடைசி ஓரிரு டிகிரியைத் தள்ளிக்கொடுக்கின்றன. வால்ஹேக் வைத்திருப்பவர் இன்னும் பாக்கியசாலி. அவர் மவுஸை எந்த மென்பொருளும் தொடுவதேயில்லை. சுடுவது அவர் சொந்தக் கை. அறிவு மட்டும்தான் திருட்டு. சுவரை வெறித்துப் பார்க்காமல் இருக்கும் அளவுக்குப் பொறுமை இருந்தால் போதும். இப்படி நிபுணர் ஒரு பக்கமிருந்தும் கவனமான திருடர் மறுபக்கமிருந்தும் நெருங்கி வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அந்த இடத்தில் நிற்பவர்களைப் பிரித்தறிய எவராலும் முடிகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பிரச்சினையை நேராக எதிர்கொண்டது கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் தயாரிப்பாளரான வால்வ் நிறுவனம். 2013இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அது ஒரு நடுவர் மன்றத்தைத் திறந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள், புகாருக்கு ஆளான ஒருவரின் ஆட்டப் பதிவைப் பெயர் மறைத்துப் பார்த்துத் தீர்ப்பளிப்பார்கள். பிறகு அந்தத் தீர்ப்புகளையே பாடமாக வைத்து ‘வாக்நெட்’ என்ற ஆழ்கற்றல் வலைப்பின்னலைப் பழக்கினார்கள். வால்வின் பொறியாளர் ஜான் மெக்டொனால்ட் 2018இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதை விளக்கினார். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதற்கு அரை நொடி முன்பிருந்து கால் நொடி பின்பு வரை பார்வைக் கோணம் எப்படி நகர்ந்தது, குண்டு பட்டதா, எந்த ஆயுதம், எவ்வளவு தூரம் ஆகியவையே உள்ளீடு. மனிதர்களின் புகாரால் மன்றத்துக்கு வந்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதமே குற்றம் எனத் தீர்ப்பானது. வாக்நெட் அனுப்பிய வழக்குகளில் அது 80 முதல் 95 சதவீதம்.

பிரமாதமான எண்கள்தான். எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த இயந்திரம் கற்றது மோசடி எப்படி இருக்கும் என்பதையா, மோசடி என்று மனிதர்கள் நம்புவது எப்படி இருக்கும் என்பதையா? பதிவைப் பார்த்த நடுவர்கள் ‘இவர் நல்லவர்’ என்று விட்டுவிட்ட திருடர், இயந்திரத்தின் பாடத்திலும் நல்லவராகவே பதிவாகிறார். மருத்துவச் சோதனை என்றால், சோதனை சரியா என்று பின்னால் அறுவை செய்தோ நாள்பட்ட கண்காணிப்பிலோ சரிபார்க்கலாம். இங்கே அப்படி ஒரு இறுதி உண்மை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மோசடிக்காரர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிடிபட்ட மோசடிக்காரர்களைப் பற்றித்தான். எந்தக் கண்டுபிடிப்பு முறை எவ்வளவு திறமையானது என்ற பேச்சு முழுதும் இந்தக் குறைக்கு மேல்தான் நிற்கிறது.

வால்வ் இதை உணர்ந்தேதான் தண்டனை அதிகாரத்தை இயந்திரத்திடம் கொடுக்காமல், வழக்கை மனிதர்களுக்கு அனுப்பும் வேலையை மட்டும் கொடுத்தது. அதற்குக் கணக்கும் காரணம். ஒரு லட்சம் பேர் ஆடுகிறார்கள், அவர்களில் ஆயிரம் பேர் திருடர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது. ஆயிரம் திருடர்களில் 990 பேரைப் பிடிக்கும். மீதி 99,000 நேர்மையானவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கும்; அதுவும் 990. பிடிபட்டவர்களில் சரிபாதி நிரபராதிகள்! சோதனையின் துல்லியத்தை 99.9 சதவீதமாக உயர்த்தினாலும், பிடிபடும் பதினொருவரில் ஒருவர் எந்தத் தப்பும் செய்யாதவர். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் இருப்பதுண்டு. அங்கே அந்தப் பதினொன்றில் ஒன்று என்பது எத்தனை வீடுகள்!

இது வெறும் காகிதக் கணக்கில்லை. 2010 ஜூலையில் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆடிக்கொண்டிருந்த சுமார் 12,000 பேரை வால்வின் மோசடித் தடுப்பு தவறாகத் தடை செய்தது. காரணம், கோப்பு ஒன்று புதுப்பிக்கப்பட்டபோது வட்டில் இருந்த பிரதியும் நினைவகத்தில் இருந்த பிரதியும் ஒத்துப்போகாமல் போனது. யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கருவி முடிவுகட்டியது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார். மன்னிப்பு வருவதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பன்னிரண்டாயிரம் பேரில் எத்தனை பேரை நண்பர்கள் நம்பியிருப்பார்கள் என்பது சுவாரசியமான கேள்வி.

நடத்தையைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கணினிக்குள் புகுந்து ஹேக்கையே தேடுவது இன்னொரு வழி. 2002 முதல் வால்வ் செய்துவருவது பெரும்பாலும் இதைத்தான். இயங்குதளத்தில் அதிகாரம் அடுக்கடுக்காக இருக்கிறது. சாதாரண மென்பொருள்கள் மேலடுக்கில். எல்லாவற்றையும் ஆளும் கெர்னல் அடியில். மேலடுக்கில் இருக்கும் காவலர் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். வன்பொருளை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளாக ஹேக் வேடமிட்டுக் கெர்னலுக்குள் குடியேறிவிட்டால், காவலருக்குக் கிடைக்கும் பதிலை அதுவே திருத்தி எழுதும். ஆகவே காவலரும் கீழே இறங்கினார். வாலொரன்டின் ‘வான்கார்ட்’ கெர்னலில் இயங்குகிறது. விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணினியை இயக்கும்போதே கூடவே விழித்துக்கொள்கிறது. முதலில் வந்தவருக்குத்தான் பிறகு வருபவரைச் சோதிக்க முடியும்.

இதற்கு விலை உண்டு. ஒரு விளையாட்டுக்காகக் கணினியின் சாவிக்கொத்தையே கொடுக்கிறோம். 2013இல் ‘இஎஸ்இஏ’ என்ற போட்டி நிறுவனத்தின் மோசடித் தடுப்பு மென்பொருள், ஆட்டக்காரர்களின் கணினிகளில் ரகசியமாக பிட்காயின் தோண்டிக்கொண்டிருந்தது அம்பலமானது. நியூ ஜெர்சி அரசு வழக்குத் தொடுத்து பத்து லட்சம் டாலர் அபராத உடன்பாட்டில் முடித்தது. 2022இல் ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டின் தடுப்பு டிரைவரையே கருவியாக்கி, பணயத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களை முடக்கியது. அந்த விளையாட்டை நிறுவாத கணினியிலும் அது நடக்கும், ஏனென்றால் முறையான கையொப்பமுள்ள டிரைவரை இயங்குதளம் சந்தேகிப்பதில்லை. காவலரின் சீருடையைத் திருடன் போட்டுக்கொண்டான்.

ஹேக் விற்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு என்பது இந்தக் கதையின் நகைச்சுவைப் பகுதி. 2014 பிப்ரவரியில் நியூவெல் இதை வெளிப்படையாக எழுதினார். திருடர்களிடம் காசு வசூலிப்பது கடினம்; ஹேக்கை வாங்கியவர் அதை இலவசமாகப் பகிர்ந்துவிடுவார். அதனால் ஹேக் தயாரிப்பாளர்கள், பணம் கட்டியவர்தானா என்று சரிபார்க்கும் பூட்டை ஹேக்குக்குள்ளேயே வைத்தார்கள். அந்தப் பூட்டு தன் சர்வருக்கு அழைப்பு விடுக்கும். வால்வ் அந்த அழைப்பின் தடயத்தைத் தேடி 570 பேரைப் பிடித்தது. பதின்மூன்று நாட்களில் ஹேக் தயாரிப்பாளர்கள் விழித்துக்கொண்டு வழியை மாற்றிவிட்டார்கள். பிடிபட்டவரை உடனே தடை செய்யாமல், வாரக்கணக்கில் சேர்த்துவைத்து மொத்தமாகத் தடை செய்யும் பழக்கமும் இதனால் வந்ததே. நேற்று போட்ட ஹேக் இன்று பிடிபட்டால் எந்த வரி காட்டிக்கொடுத்தது என்று தயாரிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த முறை பொறி வைப்பது. ‘டோட்டா 2’ சுடும் விளையாட்டு இல்லை என்றாலும் உதாரணம் அங்கிருந்துதான். 2023 பிப்ரவரியில் வால்வ் அதன் ஒரு புதுப்பிப்பில், சாதாரணமாக ஆடினால் ஒருபோதும் படிக்கப்படாத தரவுப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. ஹேக் மட்டும்தான் அங்கே கைவைக்கும். 40,000க்கும் மேற்பட்ட கணக்குகள் தடையாயின. அதே ஆண்டு ‘கால் ஆஃப் டியூட்டி’, சந்தேகத்துக்குரியவரின் கணினிக்கு மட்டும் இல்லாத எதிரிகளை அனுப்பத் தொடங்கியது. நிஜ ஆட்டக்காரரின் அசைவுகளை நகலெடுத்த அந்தப் போலிகள் சாதாரணத் திரையில் தெரிய மாட்டார்கள், வால்ஹேக்குக்குத் தெரிவார்கள். வெற்றிடத்தை ஒருவர் கவனமாகக் குறிபார்த்தால் அதற்கு நேர்மையான விளக்கம் சொல்வது கடினம். நிபுணரும் திருடரும் ஒன்றுபோல் தெரியும் சிக்கலை இது சுற்றிக்கொண்டு போகிறது. திறமை எவ்வளவு இருந்தாலும் இல்லாத ஆளைக் காண முடியாதே.

பொறி பழசானால் வேலை செய்யாது என்பதும் உண்மை. அதற்குள் ஹேக்கே கணினியை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது. தாய்ப்பலகையில் செருகும் ஒரு சிறு அட்டை, செயலியைக் கேட்காமலேயே நினைவகத்தை நேரடியாகப் படித்து இரண்டாவது கணினிக்கு அனுப்புகிறது. ஆட்டம் நடக்கும் கணினியில் தேடிப்பிடிக்க எந்த மென்பொருளும் இல்லை. இன்னும் ஒரு படி மேலே, நினைவகத்தையும் தொடாமல் திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து எதிரியை அடையாளம் கண்டு, மவுஸ் போல நடிக்கும் சாதனம் வழியாகக் குறியை நகர்த்துபவை வந்துவிட்டன. 2024 ஜனவரியில் எம்எஸ்ஐ நிறுவனம் காட்சிக்கு வைத்த மானிட்டர் ஒன்று, ‘லீக் ஆஃப் லெஜன்ட்ஸ்’ ஆட்டத்தின் சிறு வரைபடத்தைத் தானே கவனித்து, எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று திரை ஓரத்தில் காட்டியது. அதை யாரும் ஒளித்து விற்கவில்லை; சிறப்பம்சம் என்று விளம்பரப்படுத்தினார்கள்.

எது மோசடி என்ற கோடும் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று நின்றால்தான் குறி நேராகும். அதற்கு எதிர்த்திசைப் பொத்தானைச் சரியான கணத்தில் தட்ட வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியில் வரும் பழக்கம் அது. 2024 கோடையில் ரேஸர், வூட்டிங் நிறுவனங்களின் விசைப்பலகைகளில் இதைத் தாமாகவே பிழையில்லாமல் செய்யும் வசதி வந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய விசைப்பலகை. எந்த ஹேக்கும் நிறுவவில்லை. ஆகஸ்டில் வால்வ் தன் சர்வர்களில் அதைத் தடை செய்தது. வாலொரன்ட் அனுமதித்தது. வால்வ் எந்த விசைப்பலகை என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. இரண்டு பொத்தான்களுக்கு இடையே மனித விரலுக்கு இருக்க வேண்டிய தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறது. தடுமாற்றம் போதாது என்று தோன்றினால் கணக்கை முடக்குவதில்லை. அந்த ஓர் ஆட்டத்திலிருந்து மட்டும் வெளியே அனுப்புகிறது.